வண்டிக்கு ஒண்ணுமில்ல

வண்டி நின்றுவிட்டால் குழந்தைவேலு பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் இருக்கையில் அப்படியே திரும்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பார். மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன் மளிகைக்கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

பயணி திகைத்துப்போய் "இட்லி" என்பார்.

"எத்தனை?"

எத்தனை என்று சொன்னாலும் அது கூடுதல்தான். "அதான பாத்தேன். மேடு ஏறுற வண்டியில உக்காரப் போறோமேன்னு ஒரு யோசனை வேணாமா சார்? வண்டிக்கு ஒண்ணுமில்ல. பாரம்." பயணி குற்ற உணர்ச்சியோடு இறங்கி மேட்டை நடந்து ஏறுவார். குழந்தைவேலு ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் எஞ்சின் சூடு தணிந்து மறுபடியும் உயிர்பெறும். அவர் மேலே போய், மூச்சு வாங்க நிற்கும் பயணியை ஏற்றிக்கொண்டு, "பாத்தீங்களா, இப்ப எப்படி வந்துச்சு!" என்பார்.

போர்ட் பிளேயரில் ஜிம்கானா மைதானத்தை விட்டால் சமதரை கிடையாது. எந்தத் தெருவும் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். அந்த ஊரில் மேடு ஏறாத வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் டாக்ஸி ஓட்டினார் என்றால் அது வண்டியின் பலம் அல்ல, வாயின் பலம்.

அந்த வாய்க்கு வயது ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். ஆள் குள்ளம். ஸ்டீயரிங்குக்கு மேலே தலை தெரிய வேண்டுமென்று இருக்கையில் ஒரு சணல் சாக்கை மடித்துப் போட்டிருப்பார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வடக்கே லாங் ஐலண்ட் என்ற தீவில் மர டெப்போவில் சில வருஷம் இருந்தபோது இரண்டு விஷயம் கற்றுக்கொண்டார்: டிராக்டர் ஓட்டுவது, ஹிந்தியில் திட்டுவது. இரண்டாவதில்தான் தேர்ச்சி அதிகம். பிறகு ஒரு மரக் காண்டிராக்டருக்கு டிரைவரானார். காண்டிராக்டர் மெயின்லேண்டுக்கே திரும்பிப் போனபோது, தன்னிடமிருந்த ஒரே ஜாதிக் கார்கள் இரண்டில் ஓடுகிற காரைக் குழந்தைவேலுவின் தலையில் கட்டினார். ஓடாத காரை மின்னி பே என்கிற இடத்தில் தனக்குச் சோறாக்கிப் போட்ட பொன்னம்மாவின் கொல்லையில் கல் மேல் ஏற்றிவைத்துவிட்டுப் போனார்.

கறுப்பு நிறச் சீமைக் கார். எந்தக் கம்பெனி என்று சொல்லும் பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது. குழந்தைவேலுவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஆபீசர் ஏறினால் "இங்கிலீஷ் கமிஷனர் வச்சிருந்த வண்டி சாப்." வங்காளிக் குடியேறி ஏறினால், "ஜப்பான்காரன் ஓடுறப்ப விட்டுட்டுப் போனது, தாதா." அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய தமிழராக இருந்தால் எதையும் நம்புவார் என்பதால் எதையும் சொல்வார்.

அபர்தீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் டாக்ஸி ஸ்டாண்டில் மற்றவர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்வதும் அவர்தான். பன்னீர்செல்வத்தின் டாக்ஸி முக்கினால், கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டு, "பிளக்கு" என்பார். பிளக்கை மாற்றியும் சரியாகவில்லை என்றால், "அப்ப நீ மாத்தின பிளக்கு சரியில்ல." தன் வண்டிக்கு மட்டும் நோய் என்று ஒன்றை அவர் ஒப்புக்கொண்டது கிடையாது. தண்ணி கலந்த பெட்ரோல், உச்சி வெயில், அடைமழை, ஒரு போலீஸ்காரரின் கொள்ளிக்கண், பயணியின் இட்லி, இவைதான் காரணம்.

அதோடு ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பியை உருவி ஸ்டாண்டில் எல்லாருக்கும் காட்டுவார். "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் ஆயில் குடிக்கும். நம்ம வண்டி சுரக்குதுய்யா! போன மாசம் இந்தக் கோட்டுல இருந்துச்சு. இப்ப பாரு, ரெண்டு விரக்கடை மேல. ஒரு சொட்டு நான் ஊத்தல. பசு மாதிரிய்யா, பசு!"

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி மரகதம். கல்யாணமாகித் தீவுக்கு வந்து பதினோரு வருஷம். வந்த அன்று கப்பல் வந்து நிற்கும் சாத்தாம் ஜெட்டியிலிருந்து டிரங்குப் பெட்டி கைவண்டியில் போக, அதன் பின்னால் நடந்தே ஜங்லிகாட் வீட்டுக்கு வந்தாள். அப்புறம் புருஷன் காருக்குச் சொந்தக்காரர் ஆனார். ஆனாலும் அந்தக் காரில் ஒரு நாள்கூட அவள் உட்கார்ந்ததில்லை. கோயிலுக்குக் கிளம்பினால் ஒரு சவாரி வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் இரண்டு வந்துவிடும்.

ஊரில் அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கப்பலில் டிக்கெட் கிடைப்பதே குதிரைக் கொம்பு. அது கிடைத்ததும் மரகதம் புருஷனைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள்:

"இந்தாங்க, கப்பலடிக்கு நான் கார்லதான் போவேன். நம்மூர்ச் சனம் நாலு பேரு அதே கப்பல்ல வருது. டாக்ஸிக்காரன் பொண்டாட்டி கைவண்டிக்குப் பின்னால நடந்து வந்தான்னு கல்யாண வீட்ல போய்ச் சொல்றதுக்கா? உங்க வண்டி வரலைன்னா பன்னீர்செல்வம் அண்ணன் வண்டியில போய்க்கிறேன்."

குழந்தைவேலுவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியது. "பன்னீரு வண்டியா! அதுல ஆடு கூட ஏறாது. நம்ம வண்டிக்கு என்ன குறை?"

அவர் கேட்க நினைத்தது வேறு. திரும்பி எப்போது வருவாய் என்று கேட்க நினைத்தார். தீவில் அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. பன்னீர்செல்வத்தின் மனைவி ஒரு காதுகுத்துக்கு என்று மெயின்லேண்டுக்குப் போனவள், அடுத்த கப்பல் அடுத்த கப்பல் என்று இரண்டு வருஷத்தை அங்கேயே ஓட்டிவிட்டாள். மரகதத்துக்கும் மழைபெய்யும் நாட்களில் தகரக் கூரையைப் பார்த்து, "ஊர்லயே கிடந்திருக்கலாம்" என்று சொல்லும் வழக்கம் இருந்தது. தீவில் வருஷத்தில் பாதி நாள் மழை. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கப்பலுக்குச் சில நாள் இருக்கும்போது வண்டி மேட்டில் மட்டுமல்ல, பள்ளத்திலும் நிற்க ஆரம்பித்தது. பாரம் என்று சொல்ல வண்டியில் ஆளே இல்லை. குழந்தைவேலு யோசித்தார். பெட்ரோல் டேங்க் பின்னால் கீழே இருக்கிறது, எஞ்சின் முன்னால் மேலே இருக்கிறது. பெட்ரோல் ஏறி வரச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். டேங்க்கையே மேலே வைத்துவிட்டால் தானாக இறங்கிவிட்டுப் போகிறது! கார் கூரையில் ஒரு டால்டா டின்னைக் கட்டினார். டின்னின் அடியில் ஓட்டை போட்டு, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் எனிமா குழாய் ஒன்றை இரவல் வாங்கி, கூரையிலிருந்து நேரே எஞ்சினின் கார்புரேட்டருக்கு விட்டார். வண்டி சிட்டாகப் பறந்தது. ஸ்டாண்டில் வந்து இறங்கி, சிகிச்சை முறையை விளக்கினார். குழாய் முன்பு பார்த்த உத்தியோகத்தை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பெரிய குமாஸ்தாவை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது, குலுக்கலில் டின் பக்கம் குழாய் கழன்றுகொண்டது. பெட்ரோல் கூரையிலிருந்து வழிந்து ஜன்னல் வழியாகக் குமாஸ்தாவின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. மழை என்று நினைத்து அவர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு சாவகாசமாக ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். தன் தலைக்கு முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் அதைப் பார்த்த குழந்தைவேலு போட்ட கூச்சல், ஒரு பாதி தமிழ், ஒரு பாதி லாங் ஐலண்ட் ஹிந்தி. குமாஸ்தா உரசப்போன தீக்குச்சியை அப்படியே எறிந்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடிய ஓட்டத்தைக் கண்டவர்கள் அவர் தினமும் நடந்தே ஆபீஸ் போகலாமே என்று பேசிக்கொண்டார்கள். எனிமா குழாய் கம்பவுண்டரிடம் திரும்பிப் போயிற்று. அதற்கப்புறம் அதற்கு என்ன வாசனை, யாருக்கு என்ன ஆயிற்று என்பது இங்கே வேண்டாம்.

கப்பலுக்கு முந்தின நாள் காலை. வண்டி கிளம்பவே இல்லை. பன்னீர்செல்வமும் மீன் விற்பவர்கள் இரண்டு பேரும் தள்ள, ஜங்லிகாட்டில் அப்துல் வாஹிதின் பட்டறை வாசலில் அது போய் நின்றது. பன்னீர்செல்வம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு அண்ணே நான் வரணும்?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்டதுபோலவேதான் இருந்தது.

அந்தப் பட்டறைப் பக்கம் குழந்தைவேலு மூன்று வருஷமாகத் தலைவைத்துப் படுத்ததில்லை. காரணம், வாஹித் ஒரு முறை இந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடல்ல இறக்கி விட்ருங்க, மீனாவது குடியிருக்கும்" என்று சொன்னதுதான். வாஹிதும் பெரிய யோக்கியர் இல்லை. ஒரு வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு மத்தியானம் முழுவதும் அதன் அடியிலேயே படுத்துத் தூங்குவார். வெளியே காலைப் பார்ப்பவர்கள் வேலை மும்முரமாக நடப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

"வாங்க வேலண்ணே. மீனுக்கு வீடு பாக்க வந்தீங்களா?"

"பாய், விளையாட்டு வேணாம். வண்டிக்கு ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பார்வை பாருங்க. இந்தாங்க, ஆயிலு கூட எப்படிச் சுரந்திருக்கு!" கம்பியை உருவி நீட்டினார்.

வாஹித் கம்பியை வாங்கிப் பார்க்கவில்லை, மோந்தார். பிறகு குழந்தைவேலுவின் மூக்குக்கு அடியில் பிடித்தார். "இது ஆயிலா? பாதி பெட்ரோலு. பெட்ரோல் பம்பு கிழிஞ்சு எஞ்சினுக்குள்ள ஊத்திக்கிட்டிருக்கு. பசுங்கிறீங்க. கொள்ளி வச்சா கோபுர உயரத்துக்கு எரிஞ்சிருக்கும்."

அப்படியும் குழந்தைவேலு நம்பவில்லை. வாஹித் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, "ஹாண்டில் போட்டுச் சுத்துங்க" என்றார். குழந்தைவேலு முன்னால் நின்று, மூச்சு முட்டச் சுற்றினார். பம்ப் நன்றாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் பீறிட்டு அடிக்க வேண்டும். குழாய் நுனியில் கைக்குழந்தையின் வாயில் வருவதுபோல ஒரு சொட்டு எச்சில் தொங்கியது, அவ்வளவுதான். எஞ்சினின் விலாவில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருந்த பம்பைக் கழற்றி, மூடியைப் பிரித்தார் வாஹித். பெட்ரோலை உறிஞ்சித் தள்ள, உள்ளே மேலும் கீழும் போய்வரும் வட்டமான ரப்பர் துணி ஒன்று இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க. ஓட்டை வழியா ஜங்லிகாட் பூராவும் தெரியுது. பாரம், பாரம்னு ஊரைப் பட்டினி போட்டீங்களே அண்ணே?"

குழந்தைவேலு அந்தத் துணியை வாங்கி ஓட்டை வழியாக ஊரைப் பார்த்தார். "பாரம் தாங்காமத்தான் கிழிஞ்சிருக்கு" என்றார்.

புதுப் பம்ப் எங்கே கிடைக்கும் என்பதற்கு வாஹித் கடல் பக்கம் கையைக் காட்டினார். "மெட்ராஸ்ல. நாளைக்குக் கப்பல்ல ஆள்கிட்டச் சொல்லி விட்டா அடுத்த கப்பல்ல வரும்."

"யோவ், அந்தக் கப்பலடிக்குப் போறதுக்குத்தான்யா பம்பு வேணும்!"

இப்படிக் கத்தியபிறகு குழந்தைவேலு உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாஹித் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வீட்லேர்ந்து யாரு, அக்காவா போறாங்க?" என்று கேட்டார். குழந்தைவேலு துண்டுக்குள்ளிருந்து தலையாட்டினார். வாஹிதே சொன்னார், "பொன்னம்மாக்கா கொல்லையில ஒண்ணு கல்லு மேல நிக்குதுல்ல, உங்க வண்டிக்குக் கூடப் பொறந்தது?"

இரண்டு பேரும் மின்னி பேக்குப் போனார்கள். கொல்லையில் கார் இருந்தது. பத்து வருஷத்து மழையில் கதவு இரண்டும் இற்றுப்போய், உள்ளே பதினைந்து இருபது கோழிகள் குடியிருந்தன. சேவல் ஸ்டீயரிங் மேல் உட்கார்ந்திருந்தது. குழந்தைவேலு பானெட்டில் கை வைத்ததும் பொன்னம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

"வேலு! கையை எடு. உள்ள கோழி அடை உக்காந்திருக்கு."

பானெட் இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் மேல் பரப்பியிருந்த வைக்கோலில் ஒரு கருங்கோழி சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பம்ப் அதற்கு நேர் கீழே, அதன் சிறகுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தீவின் ஒரே பம்ப்.

"அக்கா, நாளைக்குக் கப்பலு. மரகதம் ஊருக்குப் போகுது. அந்தப் பம்பு ஒண்ணை மட்டும்…"

"குஞ்சு பொரிக்கட்டும், வந்து எடுத்துக்கோ. யாரு வேண்டாம்னா?"

"அதுக்குள்ள கப்பல் மெட்ராஸ் போய்ச் சேந்துரும்க்கா!"

"கோழிக்குக் கப்பல் டயமெல்லாம் தெரியாதுப்பா." பொன்னம்மா திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்றார். "பதினோரு வருஷம் கழிச்சுப் போறாளா?"

"ஆமாக்கா."

"உன் கார்லயா?"

"ஆமாக்கா."

பொன்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இது அதிசயம்தான். சரி, எடு. ஆனா கோழி எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சு முட்டை ஆறிப்போச்சுன்னா, நீதான் வந்து அடை உக்காரணும். வாயைத் தொறக்காதே. உன் சத்தம் கேட்டா முட்டைக்குள்ள குஞ்சே பயந்து செத்துரும்."

கல் மேல் ஏற்றியிருந்த வண்டி என்பதால் அடியில் இடம் இருந்தது. வாஹித் கோழி எச்சத்தில் மல்லாந்து படுத்து, ஸ்பானரோடு உள்ளே நகர்ந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக வண்டியடியில் தூங்காமல் வேலை பார்த்தார். குழந்தைவேலுவின் வேலை, பானெட் இடுக்கில் கையை விட்டு, உள்ளங்கையில் குருணையை வைத்துக்கொண்டு கோழிக்குப் பராக்குக் காட்டுவது. துருப்பிடித்த போல்ட் ஒவ்வொரு முறை கிறீச்சிடும்போதும் கோழி கீழே குனிந்து பார்க்கும், பிறகு நிமிர்ந்து, சம்பந்தமேயில்லாத குழந்தைவேலுவின் கையைக் கொத்தும். அவருக்கு லாங் ஐலண்ட் ஹிந்தி முழுவதும் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. கையை எடுக்கவில்லை. பக்கத்தில் பொன்னம்மா கரண்டியை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அடியில் கடைசியாக 'டக்' என்று ஒரு சத்தம். பம்ப் வாஹிதின் நெஞ்சில் விழுந்தது. கோழி ஒரு முறை முட்டையைக் காலால் ஒதுக்கி, இறகை விரித்து, நன்றாக உட்கார்ந்துகொண்டது.

பட்டறையில் வாஹித் அதைப் பிரித்தார். உள்ளே இருந்த துணி கிழியவில்லை, ஆனால் அப்பளமாக வறண்டிருந்தது. அதை எண்ணெயில் ஊறப்போட்டு, பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றி, ஒழுகாமலிருக்கக் காலண்டர் அட்டையில் பேக்கிங் வெட்டிவைத்துப் பம்பைப் பொருத்தினார். வடித்த எண்ணெயைச் சாக்கடையோரம் கொட்டும்போது மட்டும் குழந்தைவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி ஹாண்டில் போட்டுச் சுற்றியபோது, டம்ளரில் பெட்ரோல் சுரீர் சுரீரென்று அடித்தது. குழாயை மறுபடி மாட்டியதும் எஞ்சின் உறுமியது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றார் வாஹித். "உள்ள வால்வு தேஞ்சிருக்கு. ஓடுற வரைக்கும் ஓடும். நின்னா, பெட்ரோலு டேங்குக்கே திரும்பிப் போயிரும். அப்புறம் கிளம்புமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நாளைக்கு வீட்ல நானே வந்து கிளப்பி விடுறேன். அப்புறம் ஜெட்டிக்குப் போய்த் திரும்பி இங்க வர்ற வரைக்கும் எஞ்சினை அணைக்காதீங்க. அங்க வச்சு நின்னுச்சுன்னா பன்னீரு வண்டிதான் கயிறு கட்டி இழுக்கணும்."

மறுநாள் மரகதம் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, பின்சீட்டின் சரியான நடுவில் உட்கார்ந்தாள். டிக்கியில் பெட்டி, காலடியில் தேங்காய் மூட்டை. குழந்தைவேலு ஆரன் அடித்தபடியே கிளம்பினார். பாதையில் ஆடு மாடு இல்லாத இடத்திலும் அடித்தார். நேர் வழியை விட்டு மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போனார். ஸ்டாண்டில் பன்னீர்செல்வம் தன் காரின் மேல் சாய்ந்து நின்றவர், நிமிர்ந்து நின்று பார்த்தார். மரகதம் அந்தப் பக்கம் திரும்பாமல், பதினோரு வருஷமாக இதே சீட்டில் போய்வந்துகொண்டிருப்பவள்போல நேரே பார்த்தாள்.

மேட்டில் எஞ்சின் ஒரு முறை இருமியது. குழந்தைவேலு பழக்கதோஷத்தில் திரும்பிப் பின்சீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் மரகதம். "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. உங்க வண்டிக்குப் பயந்துதான்."

அவர் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். வண்டி மேட்டை ஏறிவிட்டது.

சாத்தாம் ஜெட்டியில் கூட்டம். கூலிகள் பெட்டியையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்ச் சனம் நான்கு பேரும் பார்க்க, மரகதம் கதவைத் தானே திறக்காமல் காத்திருந்தாள். குழந்தைவேலு ஓடி வந்து திறந்துவிட்டு, மறுபடியும் ஓடிப்போய்த் தன் சாக்கின் மேல் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டார். வண்டி ஆடியது, அதிர்ந்தது, கறும்புகை கக்கியது. வண்டியை எடு என்று ஒரு கான்ஸ்டபிள் தூரத்திலிருந்து கையாட்டினார். பின்னால் இன்னொரு டாக்ஸி ஆரன் அடித்தது.

கப்பல் ஏணி வரை போன மரகதம் திரும்பி வந்தாள். ஜன்னலில் கை வைத்துக் குனிந்து என்னமோ சொன்னாள்.

"என்ன?" என்று கத்தினார் குழந்தைவேலு.

அவள் மறுபடியும் சொன்னாள். உதடு அசைந்தது. எஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. மூன்றாம் முறை கத்திச் சொல்கிற விஷயமல்ல அது என்பதுபோல அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

குழந்தைவேலு பானெட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, காதை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோனார்.